வைஃபை இழுபடுகிறதா? பக்கேஜை மாற்ற முன் வயரைச் செருகிப் பாருங்கள்

"லப்டொப்பைத் திறந்தால் வைஃபை பிடிக்குது, ஆனால் ஒண்டும் திறக்குதில்லை. சுத்திக்கொண்டே நிக்குது." யாழ்ப்பாணக் குடாநாட்டில் கணினி திருத்தும் எந்தக் கடையில் போய் நின்றாலும் இந்த முறைப்பாடு காதில் விழும். இது வருவதில் வியப்பில்லை. இதற்கு நம்மவர்கள் தேடிக்கொள்ளும் பரிகாரத்தைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

கொக்குவிலில் ஒரு வீடு. மகளுடைய ஒன்லைன் வகுப்பு நின்று நின்று வருகிறது என்று தகப்பன் கூடிய மாதக் கட்டணமுள்ள பக்கேஜுக்கு மாறினார். வேகம் அப்படியே இருந்தது. ரவுட்டர் முன் விறாந்தையில், மகள் இருந்து படிப்பதோ பின்னறையில், இடையில் மூன்று சுவர். திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒரு மாணவன் லப்டொப்பைக் கடையில் கொடுத்தான். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் அடித்துக் கொடுத்துவிட்டார். இறுதியாண்டு ஆய்வறிக்கை அதோடு போனது. வைஃபை முன்பிருந்தபடியேதான் இருந்தது. பருத்தித்துறைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "வேகம் தராதவனுக்கு நான் ஏன் காசு கட்ட வேணும்" என்று பில் கட்டுவதையே நிறுத்தினார். இணைப்பு வெட்டுப்பட்டது, பிறகு சட்டத்தரணியின் கடிதமும் வந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அதைக் காட்ட அவர் கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை.

மூவரும் முதலில் பார்த்திருக்க வேண்டிய ஒன்றைப் பார்க்கவில்லை. உங்கள் லப்டொப்புக்கு இணையம் வரும் வழியில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. லப்டொப்பிலிருந்து ரவுட்டர் வரை காற்றில் போவது ஒன்று, அது உங்கள் வீட்டுப் பொறுப்பு. ரவுட்டரிலிருந்து வெளியே ஃபைபராலோ, செப்புக் கம்பியாலோ, 4ஜி கோபுரத்தாலோ போவது மற்றது, அது நிறுவனத்தின் பொறுப்பு. எந்தத் துண்டில் அடைப்பு என்று தெரியாமல் காசு செலவழிப்பதும் சண்டை பிடிப்பதும் வீண்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ரவுட்டருக்குப் பின்னால் லான் என்று எழுதிய துளைகள் இருக்கும். ரவுட்டர் வந்த பெட்டிக்குள்ளேயே பெரும்பாலும் ஒரு சிறிய நெற்வேர்க் வயரும் கிடக்கும். அதன் ஒரு முனையை ரவுட்டரிலும் மற்ற முனையை லப்டொப்பிலும் செருகுங்கள். லப்டொப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள போன்கள், ரிவி எல்லாவற்றையும் இணைப்பிலிருந்து கழற்றுங்கள். பிறகு ஸ்பீட்ரெஸ்ட் தளத்தில் வேகத்தை அளந்து பாருங்கள். புதிய மெல்லிய லப்டொப்கள் பலவற்றில் வயர் செருகும் துளை இராது. யுஎஸ்பியில் பொருத்தும் சிறிய இணைப்பி ஒன்றை வாங்குங்கள், அல்லது அயலில் பழைய லப்டொப் வைத்திருப்பவரிடம் ஒருக்கால் கேளுங்கள். வயரில் நல்ல வேகம் வந்து வைஃபையில் வராவிட்டால் பிழை வீட்டுக்குள். வயரிலும் வராவிட்டால் மட்டுமே நிறுவனத்தின் வாசலுக்குப் போங்கள். திரும்பவும் சொல்கிறேன்: வயரில் அளக்காமல் பக்கேஜை மாற்றாதீர்கள், வயரில் அளக்காமல் லப்டொப்பைக் கடையில் கொடுக்காதீர்கள்.

அளக்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிருங்கள். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிற்றில் சொல்கின்றன. ஒரு கோப்பைத் தரவிறக்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைற். எட்டு பிற் சேர்ந்ததே ஒரு பைற். 40 மெகாபிற் இணைப்பில் தரவிறக்கம் 5 மெகாபைற் என்று காட்டினால் அது முழு வேகம். யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

இன்னொன்றையும் அளக்க முன்னரே பார்க்க வேண்டும். மாத ஒதுக்கீடு முடிந்துபோயிருந்தால் பல பக்கேஜ்களில் இணைப்பு வெட்டுப்படாது, வேகம் மட்டும் தேயும். வைஃபை அடையாளம் முழுதாக நிற்கும், பக்கமோ திறக்காது. மாதக் கடைசி வாரத்தில் மட்டும் இழுபடுகிறது என்றால் முதற் சந்தேகம் இதில்தான் விழ வேண்டும். இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று என்று ஒதுக்கீடு பிரிந்திருக்கும் பக்கேஜ்களும் உண்டு. பகற்பங்கு தீர்ந்ததை அறியாமல் இரவுப்பங்கு மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்து, "டேற்றா இருக்குத்தானே" என்று வாதாடுவோர் பலர். நிறுவனத்தின் செயலியில் உங்கள் பாவனையைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

சரி, பிழை வீட்டுக்குள் என்று தெரிந்துவிட்டது. இனி லப்டொப்பைப் பார்ப்போம்.

லப்டொப்பைத் திறந்து உள்நுழைந்த முதல் சில நிமிடங்களில் மட்டும் இழுபட்டு, பிறகு சரியாகிறதா? அப்படியென்றால் வைஃபையைக் குறை சொல்லாதீர்கள். உள்நுழைந்தவுடனேயே விண்டோஸ் தன் புதுப்பிப்புகளைத் தேடும், ஒன்ட்ரைவ் படங்களை மேலே ஏற்றத் தொடங்கும், வைரஸ் தடுப்பு மென்பொருள் தன் பட்டியலைப் புதுப்பிக்கும். மூன்றும் ஒரே வாசலால் முண்டியடிக்கும். ராஸ்க் மனேஜரைத் திறந்து நெற்வேர்க் என்ற நிரலை அழுத்தினால் எது இழுக்கிறது என்று பெயரோடு தெரியும். டேற்றா குறைந்த பக்கேஜ் என்றால், அந்த வைஃபையின் புரொப்பர்டீஸில் மீற்றர்ட் கனெக்சன் என்பதை இயக்கிவிடுங்கள். பெரிய புதுப்பிப்புகள் அதன்பின் பெரும்பாலும் தானாக இறங்கா. ஆனால் இயக்கிவிட்டு மறந்துவிடக்கூடாது. வாரத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிப்புகளை நீங்களாகவே இறக்குங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது என்பதையும், அந்தப் பழைய விண்டோஸிலேயே வங்கிக் கணக்கைத் திறப்பவர்கள் நினைவில் வைத்திருங்கள்.

எப்போதும் இழுபடுகிறது என்றால், அதே புரொப்பர்டீஸ் பக்கத்தின் அடியில் இரண்டு விபரங்களைத் தேடுங்கள். லிங்க் ஸ்பீட் என்பது லப்டொப்பும் ரவுட்டரும் தமக்குள் பேசும் வேகம். நெற்வேர்க் பான்ட் என்பது 2.4 கிகாஹேர்ட்ஸா 5 கிகாஹேர்ட்ஸா என்பதைச் சொல்லும். 2.4 தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும், ஆனால் நெரிசல் மிகுந்தது. திருநெல்வேலி, நல்லூர்ப் பக்கத்தில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகளில் லப்டொப்பைத் திறந்தால் அயலவர்களின் வைஃபைப் பெயர்கள் வரிசையாக நிற்கும். அவ்வளவும் ஒரே சிறிய இடத்தில் நெரிபடுகின்றன. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத வழிகள் 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. 5 கிகாஹேர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் கூட, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஒரே அறையில் ரவுட்டர் இருந்தும் லப்டொப் 2.4இல் தொங்கிக்கொண்டிருந்தால், 5 கிகாஹேர்ட்ஸ் பெயரைத் தெரிவுசெய்து உள்நுழையுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் ரவுட்டருக்குள் போய் (எப்படிப் போவது என்று கடைசியில் சொல்கிறேன்) பெயரைப் பிரித்து வையுங்கள்.

லிங்க் ஸ்பீட் 54க்கு மேல் ஏறவே மறுக்கிறதா? பலருக்குத் தெரியாத காரணம் ஒன்று இதற்கு உண்டு. பழைய ரவுட்டர்களில் பாதுகாப்பு முறை டபிள்யூஇபி என்றோ ரிகேஐபி என்றோ கிடக்கும். இந்த இரண்டிலும் புதிய வேகங்களை அனுமதிப்பதில்லை என்பது வைஃபையின் விதி. லப்டொப் எவ்வளவு புதிதென்றாலும் 54 மெகாபிற்றோடு நின்றுவிடும். ரவுட்டரில் அதை டபிள்யூபிஏ 2, ஏஇஎஸ் என்று மாற்றினால் வேகமும் வரும், பாதுகாப்பும் வரும். ஒரு ரூபாய் செலவில்லை.

பற்றறியில் ஓடும்போது மட்டும் இழுபட்டால் மின்சேமிப்பு முறையை மாற்றிப் பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி 3 துளையில் செருகியவுடன் வைஃபை விழுந்தால், அதுவும் உங்கள் கற்பனையல்ல. யுஎஸ்பி 3 கருவிகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புவதை இன்ரெல் நிறுவனமே 2012இல் ஆவணப்படுத்தியிருக்கிறது. டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள்.

வைஃபை பிடித்தபின் முதற் பக்கம் திறக்கவே நீண்ட நேரம் எடுத்து, திறந்தபின் வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா? அங்கே பிழை பெரும்பாலும் வேகத்தில் இராது, டிஎன்எஸ் என்ற முகவரி தேடும் ஏற்பாட்டில் இருக்கும். முன்பு எங்கேயோ வேலைக்காகவோ, கடைக்காரர் சொல்லியோ கையால் பதிந்துவிட்ட ஐபி, டிஎன்எஸ் இலக்கங்கள் லப்டொப்பில் அப்படியே கிடந்து வீட்டு ரவுட்டரோடு முரண்படும். அவற்றைத் தானியங்கி என்று மாற்றுங்கள். அப்படியும் தீராவிட்டால் வைஃபையை மறக்கச்செய்து திரும்ப உள்நுழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நெற்வேர்க் ரீசெற் இருக்கிறது. அதை அழுத்தினால் நீங்கள் சேமித்து வைத்த எல்லா வைஃபைக் கடவுச்சொற்களும் அழிந்துபோகும், ஆகவே முன்கூட்டி எழுதி வையுங்கள். இவ்வளவையும் செய்து பார்க்காமல் விண்டோஸ் அடிக்க விடாதீர்கள். விட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் ஏற்றி, அது திறக்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகு விடுங்கள்.

பல்கலைக்கழக வளாகத்தில் எடுரோம் என்ற வைஃபையில் உள்நுழைபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். லப்டொப் சான்றிதழைக் காட்டி நம்புகிறீர்களா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்காதீர்கள். எடுரோம் என்ற பெயரில் வைஃபை ஒன்றை யாரும் வைக்கலாம். உங்கள் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லைப் பறிக்க அந்த ஒரு சம்மதம் போதும். வளாகக் கணினிப் பிரிவு தரும் அமைப்பு முறையைக் கேட்டு வாங்கி அதன்படி செய்யுங்கள்.

வீட்டைப் பற்றியும் பேச வேண்டும். இணைப்புப் போட வருபவர்கள் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது அவர்களுக்கு வசதி. பழைய சுண்ணக்கல் வீடுகளின் தடித்த சுவர், புது வீடுகளின் கொங்கிறீற் தட்டு, இரும்பு அலுமாரி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அலையைத் தின்னும். ரவுட்டரை ரிவிக்குப் பின்னால், அலுமாரிக்குள், குசினி மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், நெஞ்சளவு உயரத்தில் வையுங்கள். பின்னறைக்கு அலை எட்டவில்லையென்றால் கடைக்காரர் ரிப்பீற்றர் ஒன்றை நீட்டுவார். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் மலிவு ரிப்பீற்றர் வேகத்தைப் பாதியாக்கும். அந்தக் காசுக்குக் கற் 6 வயர் வாங்கிப் பின்னறை வரை இழுத்து, அங்கே ஓர் அக்சஸ் பொயின்ற் வையுங்கள். அந்த வயர் 100 மீற்றர் வரை தாக்குப்பிடிக்கும், எந்த வளவுக்கும் போதும். மொபைல் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் என்று விற்கப்படுவதை வாங்கவே வாங்காதீர்கள். வானொலிக் கருவிகளைக் கொண்டுவரவும் விற்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத பூஸ்டர் ஊரிலுள்ள மற்றவர்களின் இணைப்பையும் கெடுக்கும், உங்களையும் சட்டத்தில் மாட்டிவிடும்.

இனி நிறுவனத்தின் பக்கம். வயரிலும் வேகம் வரவில்லை, ஒதுக்கீடும் மிச்சம் இருக்கிறது. நம்மவர்கள் இந்த இடத்தில்தான் முழுதாகக் கோட்டை விடுகிறார்கள். 1212க்கோ 1777க்கோ அழைப்பார்கள். "ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணிப்போட்டு ஓன் பண்ணுங்கோ அம்மா" என்று பதில் வரும். அம்மாவும் அப்படியே செய்வார். அன்றைக்குச் சரியாகும், நாளைக்குத் திரும்ப இழுபடும், திரும்ப அழைப்பார். எத்தனை தடவை அழைத்தார், யாரோடு பேசினார், என்ன இலக்கம் தந்தார்கள் என்று கேட்டால் ஒன்றும் நினைவிராது. வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போகும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரு கொப்பி எடுங்கள். திகதி, நேரம், வயரா வைஃபையா, இறக்க வேகம், ஏற்ற வேகம், பிங் என்று கோடு போடுங்கள். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை, இரவு எட்டிலிருந்து பத்துக்குள் ஒருமுறை, இப்படி ஒரு கிழமையாவது வயரில் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். இந்த உழைப்புக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வேகத்துக்குப் பக்கத்தில் "வரை" என்ற சொல் நிற்கும். 100 மெகாபிற் வரை என்றால் 100ஐத் தருவதாக அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் இரவு 12 வந்தது என்று சொன்னால் தட்டிக்கழித்துவிடுவார்கள். ஒரு கிழமை முழுக்க ஒவ்வொரு இரவும் 12தான் வந்தது, காலையில் 90 வந்தது என்று கடதாசியில் காட்டினால் தட்டிக்கழிக்க முடியாது. அந்த அளவு நெரிசலையே காட்டுகிறது, அதைத் தீர்ப்பது அவர்களின் வேலை. காலையிலும் இரவிலும் ஒரே மாதிரிக் குறைவென்றால் கம்பியிலோ ஃபைபர் முனையிலோ பழுது இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பிறகு செப்புக் கம்பி இணைப்புகளில் இது வழமை.

அடுத்தது பெயர். குடாநாட்டில் எத்தனையோ இணைப்புகள் கனடாவுக்குப் போய்விட்ட தமையன் பெயரிலும், காலமான தகப்பன் பெயரிலும் இன்னும் ஓடுகின்றன. பில் கட்டும்வரை யாரும் கேட்பதில்லை. முறைப்பாடு என்று போய் நின்றால் "சந்தாதாரர் வரட்டும்" என்பார்கள். இன்றைக்கே பில்லை எடுத்துப் பெயரைப் பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். தேசிய அடையாள அட்டைப் பிரதியையும் முகவரிச் சான்றையும் நிலுவையில்லாத பில்லையும் கொண்டுபோங்கள், காலமானவர் பெயரில் என்றால் இறப்புச் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் வேறென்ன வேண்டும் என்று கருமபீடத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். உறவினர் வெளிநாட்டில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு போங்கள்.

பிறகு கடிதம். தமிழிலேயே எழுதுங்கள். சந்தாதாரர் பெயர், அடையாள அட்டை இலக்கம், இணைப்பு இலக்கம், முகவரி, பக்கேஜின் பெயர் ஆகியவை மேலே. அதன் கீழே இப்படி: "மேற்படி இணைப்பில் இந்தத் திகதியிலிருந்து வேகம் குறைவாக உள்ளது. ரவுட்டருடன் நேரடியாக வயரில் இணைத்து அளந்த பெறுபேறுகளை இணைத்துள்ளேன். இந்தத் திகதிகளில் தொலைபேசியில் முறையிட்டேன், முறைப்பாட்டு இலக்கங்கள் இவை. பழுதை இந்தத் திகதிக்கு முன் திருத்தித் தரவும், சேவை கிடைக்காத நாட்களுக்கான தொகையைப் பில்லில் கழித்துத் தரவும் கோருகிறேன்." இவ்வளவு போதும். திட்ட வேண்டாம், அழவும் வேண்டாம். கேட்பது என்ன என்பது ஒரே வாசிப்பில் விளங்க வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து நிறுவனத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய், உங்கள் பிரதியில் பெறப்பட்டது என்று திகதியோடு முத்திரை இடச்சொல்லி வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் வாதாடாமல் தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

இரண்டு கிழமைக்குள் தக்க பதில் இல்லையென்றால் அடுத்த படி இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு. முகவரி: இல. 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8. தொலைபேசி 1900. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச அமைப்பு இது. பாவனையாளரின் முறைப்பாட்டை விசாரித்துப் பரிகாரம் காணச் செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு. 1900க்கு அழைத்துச் சொல்லிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, முத்திரை அல்லது பற்றுச்சீட்டு, அளவுக் கொப்பியின் பக்கங்கள், கடைசிப் பில் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். நிறுவனத்திடம் முறையிடாமல் நேரே ஆணைக்குழுவுக்குப் போனால் உங்களைத் திரும்ப நிறுவனத்திடமே அனுப்புவார்கள்.

சிங்களத்தில் பதில் வந்தால் வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். அரசாங்க அலுவலர்களோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. தமிழில் பதில் தரும்படி அதே இலக்கத்தைக் குறிப்பிட்டுத் திரும்ப எழுதுங்கள். ஆணைக்குழு பேசாமல் இருந்துவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்கு எழுதி, "எனது இந்தத் திகதிய முறைப்பாட்டின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோவையின் பிரதி தரவும்" என்று கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். அலுமாரியில் கிடக்கும் கோவைகளை மேசைக்கு இறக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. மக்களின் வரியில் சம்பளம் வாங்குபவர்களை வேலை செய்ய வைக்க மக்கள் இத்தனை கடதாசி எழுத வேண்டியிருப்பது கேவலம்தான். ஆனால் எழுதாதவரின் முறைப்பாடு கோவைக்குள்ளேயே ஏறுவதில்லை.

இத்தனை நாளும் பில்லைக் கட்டிக்கொண்டே இருங்கள். கோபம் வரும், கட்டுங்கள். கட்டாமல் விட்டால் நீங்கள் முறைப்பாட்டாளர் என்ற நிலை போய் கடனாளி என்ற நிலை வந்துவிடும். இணைப்பு வெட்டுப்பட்ட பிறகு வேகத்தை அளந்து காட்டவும் முடியாது.

கடையில் வாங்கிய லப்டொப்பிலோ ரவுட்டரிலோ பிழை என்றால் வாசல் வேறு. அது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. யாழ்ப்பாணத்தில் எங்கே போக வேண்டும் என்று மாவட்டச் செயலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருளை வாங்கிய, அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். மூன்று மாதம். கடைக்காரர் "வாற கிழமை வாங்கோ" என்று இழுத்தடிப்பதும் அந்த நாட்கள் கரையட்டும் என்றுதான். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. "தெரிஞ்ச கடை தம்பி, பில் என்னத்துக்கு" என்று வாங்கி வருபவர்கள் தங்கள் உரிமையைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

கடைசியாக ஆபத்துகள். இவற்றை அலட்சியம் செய்பவர்களைக் கண்டு கண்டு சலித்துவிட்டது. ரவுட்டருக்கு அடியில் அச்சிட்ட கடவுச்சொல்லோடு வருடக்கணக்காக இருக்கும் வீடுகள் ஏராளம். வந்து போகும் எவரும் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகலாம். மதிலுக்கு அப்பால் யார் யார் உங்கள் வைஃபையில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் "வேகமில்லை" என்று புலம்புவதில் என்ன பயன்? ரவுட்டருக்குள் 192.168.1.1 என்ற முகவரியால் போய், அல்லது அதன் அடியில் எழுதியிருக்கும் முகவரியால் போய், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் வைஃபைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரவுட்டருக்குள் நுழையும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், பலர் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் இணைப்பால் யாராவது குற்றம் செய்தால் விசாரணை முதலில் வந்து நிற்பது சந்தாதாரரின் படலையில். அயலவரின் வைஃபையை அனுமதியில்லாமல் உடைத்துப் பாவிப்பதும் விளையாட்டல்ல. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியற்ற நுழைவைக் குற்றமாக்குகிறது. பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

"நெற் கொம்பனியிலிருந்து கதைக்கிறம், உங்கட வேகத்தைக் கூட்டித் தரப்போறம்" என்று வரும் அழைப்பை உடனே துண்டியுங்கள். எனிடெஸ்க் போன்ற தூரக் கட்டுப்பாட்டுச் செயலியைப் போடச் சொன்னாலும் சரி, போனுக்கு வந்த குறியீட்டு இலக்கத்தைக் கேட்டாலும் சரி, நோக்கம் உங்கள் வங்கிக் கணக்குத்தான். வேகத்தைக் கூட்ட எந்த நிறுவனத்துக்கும் உங்கள் குறியீட்டு இலக்கம் தேவையில்லை. தனியாக இருக்கும் முதியவர்களையே இவர்கள் தேடுகிறார்கள், வெளிநாட்டிலிருந்து காசு வரும் வீடுகள் என்று தெரிந்தே தேடுகிறார்கள். அகப்பட்டுவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் லப்டொப்பின் இணையத்தைத் துண்டியுங்கள். அடுத்த நிமிடம் வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள். இணையப் பாதுகாப்பு பற்றிய உதவிக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. இன்றைக்கு இரண்டு வேலை செய்யுங்கள்: பில்லில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள், வயரைச் செருகி ஒருமுறை அளந்து திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள்.